ஒரு வருசமாத் திறக்காதது

பவானிப் பக்கம் ஒரு நூல் மில்லில் தெய்வசிகாமணி என்று ஒரு மேனேஜர் இருந்தார். தனக்குத் தெரியாத எதுவும் உலகத்துக்குத் தேவையில்லை என்பது அவர் கட்சி. ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இடமே இல்லை என்று வந்ததும், தற்காலிக டைப்பிஸ்ட் மைனாவதியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, சிஸ்டம்னு ஒரு ஃபோல்டர் இருக்குது. உள்ளே ஆயிரக்கணக்குல குப்பை. ஒருத்தரும் அதைத் திறந்து நான் பார்த்ததில்லை. எல்லாத்தையும் அழி. முடியாதுன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

அதை அழித்தால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது என்று மைனாவதிக்குத் தெரியும். சொன்னால் அவர் கேட்கமாட்டார் என்பதும் தெரியும்.

"சரிங்க சார். ஒரு வருசமாத் திறக்காததை எல்லாம் அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருங்க."

ஆபீசே பார்க்க, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் குத்தினார்.

கடைசியாகத் திறந்த தேதிப்படி மைனாவதி ஃபைல்களை வரிசைப்படுத்தினாள். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"சிஸ்டம் ஃபைலெல்லாம் இன்னிக்குக் காலையிலதான் திறந்திருக்குதுங்க சார். சுவிட்ச் போட்டதும் மெஷின் தானாவே திறந்துக்குது. மூணு வருசமா யாரும் திறக்காதது உங்க பொண்ணு கல்யாண வீடியோதானுங்க. நாலு காப்பி இருக்குது, பாதி இடம் அதுக்கே போயிருச்சு. அழிச்சிரட்டுங்களா?"

மேனேஜர் பாய்ந்து வந்து காகிதத்தைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். கல்யாணம் பென்டிரைவில் ஏறி வீட்டுக்குப் போனது. கம்ப்யூட்டர் மூச்சு விட்டு ஓடியது. அன்றைக்கு அந்த ஆபீசில் அழிந்தது மேனேஜர் கையெழுத்து ஒன்றுதான்.