கமாவுக்குக் கூன் விழுந்த கதை

அந்தக் காலத்தில், எழுத்துகளுக்கு வாயும் சொற்களுக்குக் காலும் இருந்தபோது, ஆங்கில நாட்டின் எழுத்து வரிச் சாலைகளில், நம் ஊர் ‘ஆனால்’ போல, பட் என்றொரு சுமைகூலி இருந்தான். அவன் பெண்டாட்டி அண்ட், நம் ஊர் ‘மற்றும்’ போல. ஒரு வாக்கியத்தை இன்னொன்றோடு சேர்ப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. எழுவாய், பயனிலை என்று குடும்பமே ஏறி உட்கார்ந்த முழு வாக்கியத்தைத் தலையில் சுமந்துபோய், முந்தின வாக்கியத்தோடு சேர்க்க வேண்டும். வழியில் இறக்கி வைக்க இடமே கிடையாது.

சாலைக்கு அதிகாரி முற்றுப்புள்ளி. உருண்டு கொழுத்து வரியின் கடைசியில் உட்கார்ந்திருப்பான். ஒரு துரும்பைக்கூட நகர்த்தாதவன். "நிறுத்துறது என் ஒருத்தன் வேலை. நடுவழியில எவனும் நிக்கக் கூடாது" என்பது அவன் சட்டம். எருது நோய் காக்கைக்குத் தெரியுமா?

அண்டுக்கு அப்போது நிறைமாதம். அன்று அவள் தலையில் ஏற்றிய வாக்கியமோ நாலு முழ நீளம். பாதி வழியில் இடுப்பு வலி கண்டது.

"ஐயா, ஒரு நிமிசம் எறக்கி வச்சுக்கறேங்க."

"வீட்டுக்குப் போய்ப் பெத்துக்க. நட!" என்று அதட்டினான் முற்றுப்புள்ளி.

பக்கத்தில் அதிகாரியின் தம்பி கமா நின்றிருந்தான். அப்போது அவனும் அண்ணனைப் போல உருண்டைதான். மா, பலா, வாழை என்று சந்தைச் சாமான்களைப் பிரித்து வைப்பது அவன் வேலை. எல்லாம் பார்த்தான், வாயைத் திறக்கவில்லை.

அண்ட் பத்தடி நடந்து, சுமையோடு விழுந்தாள். பட் ஓடி வருவதற்குள் தாயும் போய்விட்டாள், வயிற்றில் இருந்ததும் போய்விட்டது.

அவன் அழவில்லை. நேராக அதிகாரி முன்னால் போய் நின்றான்.

"வயித்துப்பிள்ளையோட செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல்லு நடணும்யா. வர்றவங்க போறவங்க அதுல சுமையை எறக்கி வச்சாத்தான் அவ நெஞ்சு ஆறும்."

"காகிதத்துல கல்லுக்கு எங்கடா போறது?" என்று சிரித்தான் முற்றுப்புள்ளி.

"சிரிக்கிறியா? இனி ஒரு வாக்கியமும் இங்க நகராது!" பட் கமாவின் பக்கம் திரும்பினான். "நீயும் பாத்துக்கிட்டுத்தானேடா நின்ன? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

அந்தப் பேச்சு கமாவைச் சுட்டது. அண்ணன் அதட்டியதைக் காதில் வாங்காமல், அவள் விழுந்த இடத்துக்குப் போய் முதுகை வளைத்துக் குனிந்தான்.

"கல்லு இல்லேன்னா நான் இருக்கேன். என் மேல வை."

பட் இரங்கவில்லை. அவள் சுமந்த அதே வாக்கியத்தைத் தூக்கி அவன் முதுகில் வைத்தான். கமாவின் உடம்பு நசுங்கி, கீழே வால்போல வளைந்தது. அப்புறம் நிமிரவே இல்லை.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றான் கமா, பட் பக்கம் பார்த்து.

"மன்னிக்க வேண்டியவ போயிட்டா. நில்லு."

அண்டின் தங்கை தன் மகளுக்கு அக்காள் பெயரையே வைத்தாள்; இன்று சுமக்கிற அண்ட் அவள் வழிதான். முற்றுப்புள்ளி இன்றும் கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறான். அன்று முதல்தான், பட், அண்ட் குலத்தார் ஒற்றைச் சொல்லைக் கையில் கொண்டுவந்தால் கமா ஒதுங்கிக்கொள்கிறான். முழு வாக்கியத்தைச் சுமந்து வந்தால், கேட்பதற்கு முன்பே அவர்களுக்கு முன்னால் வந்து குனிந்து நிற்கிறான்.