அலையரசி எஞ்சினின் வரலாறு

“அம்மா, மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

காத்தலிங்கம் உட்காராமலே சொன்னார். மடத்து வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அமிர்தவல்லி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காத்தலிங்கத்தைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் குரு குருதான். துறைமுகமே எழுந்து நின்று வணங்கும் முதலாளி, இங்கே வந்தால் கைகட்டி நிற்பார். இன்றைக்கு அதற்கும் பொறுமை இல்லை.

“என்ன விஷயம்?”

“நாளைக்குக் கம்பெனிக்குப் பொன்விழா. ஆரம்பத்துலேர்ந்து வரலாறு பூராவும் நான் மேடையில பேசணும். தினமும் பேசிப் பாக்கறேன். கடைசிக்கு வந்ததும் தொண்டை அடைச்சுக்குது.”

“இங்க பேசிப் பாருங்க.”

பேசினார். நன்றாகவே பேசினார்.

துறைமுகத்தில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு கப்பல் எஞ்சினை அப்பா வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் தொழில் கற்றாராம். பிறகு நாட்டுப்படகுக்கு ஏற்ற சின்ன எஞ்சின் ஒன்றைத் தானே கட்டி, அலையரசி என்று பெயர் வைத்தாராம். அதற்கப்புறம் ஜெனரேட்டர். பெரும்புயலில் ஊரே இருண்டு கிடந்தபோது ஆஸ்பத்திரியில் மட்டும் விளக்கு எரிந்தது. எரிய வைத்ததும் அலையரசிதான்.

“அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டும்மா. எந்தப் படகுல புது எஞ்சின் பூட்டினாலும் முதல் ஓட்டத்துக்கு அவரும் ஏறிடுவார். ஏறும்போது படகுல கிடக்கிற துடுப்பையெல்லாம் எடுத்துக் கரையில வீசிடுவார். ‘கட்டினவன் துடுப்போட வந்தா வாங்கினவன் எப்படிய்யா நம்புவான்’னு கேப்பார்.”

சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அப்பாவை நினைத்தால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

“பிறகு?”

“பிறகு பெரிய விசைப்படகுக்கு எஞ்சின் செஞ்சோம். வெளிநாட்டுக்கு அனுப்பினோம். இந்த வருஷம் புது மாடல்…”

தொண்டை அடைத்துக்கொண்டது.

அடைக்காமல் என்ன செய்யும்? புது மாடலின் முக்கியச் சுழல்தண்டு, கிராங்க் ஷாப்ட், வேறொரு பட்டறையில் வாங்கியது. சோதனைக் கொட்டகையில் ஓடவிட்டபோது ஒரு ஷாப்ட் இரண்டாக முறிந்தது. மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது, படகுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். ஒன்றுதானே என்று காத்தலிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மற்றவையெல்லாம் நாற்பது விசைப்படகுகளில் ஏறி உட்கார்ந்துவிட்டன. நாளை விடிந்தால் தடை நீங்குகிறது. நாற்பதும் ஆழ்கடலுக்குப் போகின்றன.

ஷாப்ட் முறிந்த அன்றிலிருந்து அவருக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. காரணம் மேடைப் பேச்சு என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தார். மடத்திலும் அதையேதான் சொன்னார்.

“மனசு அடங்க ஒரு வழி சொல்லுங்கம்மா. விபூதி கொடுத்தாலும் சரி.”

அம்மை கீரைத்தட்டை ஓரமாக வைத்தார்.

“அக்கரையில கொஞ்சம் வேலை இருக்கு. வாங்க, போயிட்டே பேசுவோம்.”

மடத்துப் படகு முகத்துவாரத்தில் கட்டிக் கிடந்தது. அதிலும் அலையரசிதான், புது மாடலில் சின்னது. பொன்விழாவுக்காகக் காத்தலிங்கமே போன வாரம் காணிக்கையாகப் பூட்டிக் கொடுத்தது. ஷாப்டும் அதே பட்டறையுடையது.

கடல் இறங்கும் வற்றம் தொடங்கியிருந்தது. ஆற்றுத் தண்ணீர் விறுவிறுவென்று கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

அம்மை முதலில் ஏறி, படகின் முன்பக்க அணியத்தில் உட்கார்ந்தார். காத்தலிங்கம் செருப்பைக் கரையில் விட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். பேச்சை விடவில்லை.

“மேடையில மந்திரியெல்லாம் இருப்பாங்கம்மா. நடுவுல நின்னுட்டா மானம் போயிடும். அதான் எனக்கு…”

“அது எதுக்குங்க?”

“எது?”

அம்மை அவர் கையைப் பார்த்தார். காத்தலிங்கமும் பார்த்தார்.

கரையில் தென்னையில் சாய்த்து வைத்திருந்த துடுப்பு அவர் கையில் இருந்தது.

“எடுத்ததே தெரியலம்மா” என்றார்.

தண்ணீர் காத்தலிங்கத்தின் முழங்காலை உரசிக்கொண்டு ஓடியது.

“எஞ்சின் நல்ல எஞ்சின்தான். இருந்தாலும் வற்றத்து நேரம். நடுவுல நின்னுட்டா நேரா கடலுக்குள்ள கொண்டுபோயிடும். ஒரு பாதுகாப்புக்கு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“சரி, கொண்டாங்க” என்று அம்மை துடுப்புக்காகக் கையை நீட்டினார். “நாளைக்குப் போற படகுங்கள்லயும் இது இருக்குங்களா?”

விசைப்படகில் துடுப்பு ஏது? இருந்தாலும் அத்தனை பெரிய படகை எவன் தள்ளுவான்? அது அவருக்குத் தெரியாததா?

காத்தலிங்கம் துடுப்பைக் கொடுக்கவில்லை. கரையேறினார். செருப்பைத் தேடவில்லை. துறைமுகத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கொஞ்ச தூரம் போனதும் ஓடினார்.

விசைப்படகுகளில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது, முதலாளி வெறுங்காலோடு, கையில் துடுப்போடு, எல்லாரையும் இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார்.