அரைச் செம்பு வியர்வை

முன்னொரு காலத்தில், பெயர் சொன்னால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், இளவழுதி என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். அவரிடம் ஒரு திறமை இருந்தது. வழக்கு என்று இருவர் வந்து நின்றால், இரண்டு பக்கத்தையும் வாய் திறக்காமல் கேட்பார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதில் உண்மை வெளியே வந்துவிடும். தோற்றவன்கூட முணுமுணுக்காமல் வீட்டுக்குப் போவான்.

அப்படி இருந்தவரைப் பக்கத்து நாட்டுத் தூதன் வந்து கெடுத்துவிட்டுப் போனான். "எங்கள் அரசருக்கு வெற்றிலை மெல்லக்கூட நேரமில்லை" என்று அவன் பெருமையடித்ததிலிருந்து நம் ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்து வழக்குக் கேட்பதும் ஒரு வேலையா என்று தோன்றிவிட்டது. மறுநாளே வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். குதிரைகளுக்குக் கொள்ளு வைத்தார். விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றினார். சமையல்கட்டுக்குள் புகுந்து குழம்பில் உப்புப் போட்டார். பின்னால் ஓடிய பிரதானியும் போட்டார், சேனாதிபதியும் போட்டார். அன்று அரண்மனையில் யாரும் சாப்பிடவில்லை.

அதோடு விட்டாரா? சில நாள் கழித்து ஒரு சட்டமும் போட்டார். மாலைச் சங்கு ஊதியதும், ராஜா உட்பட அத்தனை பேரும் சபையில் கூடித் தங்கள் மேல்துண்டை ஆளுக்கொரு செம்பில் பிழிய வேண்டும். வியர்வைதான் உழைப்புக்குச் சாட்சி. மூன்று மாலை தொடர்ந்து யார் துண்டு காய்ந்திருக்கிறதோ, அவர் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும்.

பிறகென்ன, எல்லோரும் ஓடினார்கள். பிரதானி கங்காதர ராயர் ஓர் ஓலையைக் கிழக்கு மாளிகையிலிருந்து மேற்கு மாளிகைக்குக் கொண்டு ஓடுவார். பிறகு அதே ஓலையோடு திரும்பி ஓடுவார். மாலையில் அவர் செம்பு தளும்பும். ராஜா அவர் முதுகைத் தட்டிக்கொடுப்பார்.

ஓடாதவன் ஒருவன்தான். அரசவை விகடன் மருதக்கூத்தன். முற்றத்துப் புன்னை மரத்தடியில் உட்கார்ந்து, போவோர் வருவோரைப் பார்ப்பது அவன் வேலை. இந்த ஓட்டமெல்லாம் தொடங்குவதற்கு முன்பு, பார்த்ததில் ஒன்றை மாலையில் ராஜாவிடம் சொல்வான். ராஜா வயிறு வலிக்கச் சிரிப்பார். மறுநாள் அரண்மனையில் ஏதோ ஒரு தப்பு சரியாகியிருக்கும். அந்த விகடனின் துண்டை இரண்டு மாலை பிழிந்தும் கொஞ்சம் தூசிதான் உதிர்ந்தது.

ராயருக்கு இது போதாதா? "அரசே, உட்கார்ந்திருப்பதே தன் வேலை என்கிறான் விகடன். அப்படியே ஆகட்டும். நாளை உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், தன் துண்டிலிருந்து அரைச் செம்பு வியர்வை பிழிந்து காட்டட்டும். இல்லையேல் சட்டப்படி எல்லையைத் தாண்டட்டும்" என்றார்.

ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. மருதக்கூத்தன் மேல் அவருக்கு அவ்வளவு பிரியம். ஆனால் தானே போட்ட சட்டத்தைத் தானே மீறுவது எப்படி? "அப்படியே செய், கூத்தா" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"ஆணை, அரசே. எங்கே உட்காருவது என்பது மட்டும் என் விருப்பமாக இருக்கலாமா?"

"எங்கே வேண்டுமானாலும் உட்கார்."

மறுநாள் காலை மருதக்கூத்தன் ஒரு மணைப்பலகையைத் தூக்கிக்கொண்டு போய், கோட்டை வாசலுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தான். அங்கே வழக்குச் சொல்ல வந்த ஜனம் அறுபது எழுபது பேர் கொளுத்தும் வெயிலில் நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவள் பேச்சாயி.

"எத்தனை நாளா நிக்கிறீங்கம்மா?" என்று கேட்டான்.

"பதினோரு நாளு சாமி. ராசாவுக்கு நேரமில்லேன்னு வாசக்காரரு சொல்றாரு. மேவயக்காரன் வாய்க்காலை அடைச்சுப்புட்டான். பால் புடிக்கிற பயிரு. நாளைக்குள்ள தண்ணி காட்டலேன்னா வெறும் வைக்கோலுதான். எம் புள்ளைங்க வருசம் பூரா எதைத் திங்கும்?"

மருதக்கூத்தன் துண்டை நீட்டி, "மொகத்தைத் தொடச்சுக்கோங்க" என்றான்.

"உங்க துண்டு அழுக்காயிருமே."

"அதுக்குத்தான் கொண்டாந்தேன். எல்லாரும் தொடைங்க. ஒருத்தரும் விட்டுப்போகாதீங்க."

பொழுது சாயும்வரை துண்டு கைமாறிக்கொண்டே இருந்தது. சங்கு ஊதியதும் அவன் சொன்னான்: "நான் எந்திரிக்கக் கூடாதுன்னு ராஜா ஆணை. பலகையோட தூக்கிட்டுப் போங்க."

வாசல்காவலன் என்ன செய்வான்? ராஜாவின் ஆணையைத் தடுக்க முடியுமா? பலகையைத் தூக்க நான்கு பேர் போதும்தான். ஆனால் பலகையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேரும் உள்ளே நுழைந்துவிட்டார்கள்.

சபையில் மருதக்கூத்தன் துண்டைப் பிழிந்தான். அரைச் செம்புக்கு மேலேயே நின்றது.

"இது மோசடி. இவன் வியர்வையே அல்ல" என்றார் ராயர்.

"அல்லதான்" என்றான் மருதக்கூத்தன். "என் துண்டிலிருந்து வியர்வை பிழியச் சொன்னீர்கள். யாருடைய வியர்வை என்று யாரும் சொல்லவில்லையே. ஆனால் இது வியர்வைதான், அரசே. பிரதானியின் செம்பில் இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்."

ராஜா ராயரின் செம்புக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு தலைப்பிரட்டை வாலை ஆட்டி நீந்திக்கொண்டிருந்தது. அரண்மனைத் தாமரைக்குளத்தில் ராயர் துண்டை நனைத்தபோது கூடவே வந்திருக்கிறது.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "கூத்தா, உன் செம்பில் இருப்பது யார் வியர்வை?"

"தங்கள் ஒரு கேள்விக்காகப் பதினோரு நாள் வாசலில் நின்றவர்களுடையது. உள்ளே இருப்பவர்கள் ஓடி வியர்க்கிறார்கள், அரசே. இவர்கள் நின்றே வியர்க்கிறார்கள்."

ராஜாவுக்கு வெட்கமாகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்து, பேச்சாயியை முன்னால் வரச் சொன்னார். தன் பக்கம் சொல்ல வந்து நின்ற மேல்வயல்காரனும் கூட்டத்தில்தான் இருந்தான்.

அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். "தண்ணியே இல்லீங்க ராசா, எனக்கே மண்ணு நனையத்தான் வருது" என்று அவன் சொன்னதையும் கேட்டார். பிறகு, "உன் வயலில் தவளை கத்துகிறதா?" என்றார்.

"ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க. காது கிழியுது. வீட்டுல ஒருத்தருக்கும் தூக்கமில்லே."

"உங்கள் வயலில், அம்மா?"

"எங்க வயல்ல தவளைச் சத்தம் கேட்டுப் பத்து நாளாச்சு ராசா."

மண் மட்டும் நனைந்த வயலில் தவளைக்கு என்ன வேலை? இன்றே மடையைத் திறக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கங்காதர ராயரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இத்தனை நாள் ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரை, அன்று உட்கார்ந்து எழுதச் சொன்னார் ராஜா. எழுதிய ஓலையோடு குதிரை வீரன் ஒருவன் பறந்தான். அன்றிரவே பேச்சாயியின் வயலில் தண்ணீர் பாய்ந்தது.

மறுநாள் முழுக்க ராஜா ஆசனத்தை விட்டு எழவில்லை. வாசலில் நின்ற அத்தனை பேரின் வழக்கும் தீர்ந்தது. சமையல்காரர் தனியாக உப்புப் போட்டதால் குழம்பும் நன்றாக இருந்தது.

மாலைச் சங்கு ஊதியது. மருதக்கூத்தன் ஒரு செம்பை ஏந்தி ராஜாவின் முன் வந்து நின்றான்.

"தங்கள் துண்டு, அரசே."

ராஜா பிழிந்தார். முறுக்கிப் பிழிந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"அடடா" என்றான் மருதக்கூத்தன். "இப்படியே இன்னும் இரண்டு நாள் வேலை பார்த்தால், சட்டப்படி தாங்கள் எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கும். துணைக்கு நானும் வருகிறேன். போகிற வழியில் நல்ல மரமாகப் பார்த்து உட்காரலாம்."

பல நாளாகச் சிரிக்காத ராஜா அன்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சட்டம் அந்த நிமிடமே ரத்தானது. சொட்டு ஈரமில்லாத அந்தப் பட்டுத் துண்டை விகடனின் தோளில் தன் கையாலேயே போர்த்தி, "இதை யாரும் பிழியக் கூடாது, இது என் ஆணை" என்றார். மருதக்கூத்தன் வணங்கிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் வேலையைப் பார்க்கப் புன்னை மரத்தடிக்குப் போனான்.