ஒன்றை விடுங்கள்

"ஒண்ணை விட்டுடலாம்னு இருக்கேன், மேடம்."

தில்லைக்கரசி அறை வாசலில் நின்றபடியே சொன்னாள்.

பேராசிரியர் ஜெபராணி நிமிரவில்லை. "எதை?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

தில்லைக்கரசி பேராசிரியரைவிட இரண்டு வயது மூத்தவள். பல வருஷம் ரோடு வேலையில் மேற்பார்வையாளராக இருந்தவள். தான் போட்ட ரோடுகளை மழை ஏன் அரித்துக்கொண்டு போகிறது என்று யாரைக் கேட்டும் பதில் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டுப் படிக்க வந்தாள். பொறியியலும் சுற்றுச்சூழல் அறிவியலும் சேர்ந்த இரட்டைப் பட்டம். கல்லூரியில் அந்தப் படிப்பு புதுசு; ஜெபராணிதான் அதற்குப் பொறுப்பு.

"பொறியியல் பிளாக்ல என்னை மரம்-மட்டை அக்காங்கறாங்க. சுற்றுச்சூழல் பக்கம் போனா சிமென்ட் அக்கா. ஒரு பரீட்சைல பாலம் எப்படிக் கட்டணும்னு கேக்காங்க. மறுநாள் பரீட்சைல அதை ஏன் கட்டினேன்னு கேக்காங்க. ரெண்டுலயும் அரைகுறையா நிக்கேன். ஒண்ணுன்னா முழுசாப் படிச்சிருவேன்."

ஜெபராணி பேனாவை மூடினார்.

"முதல் மழை விழுந்ததும் வாங்க. செம்பாறை ஓடைக்குப் போவோம்."

"என் கேள்விக்கு..."

"குடை வேண்டாம். காத்துல நிக்காது."

மலையில் மழை கொட்டிய மறுநாள் காலை இருவரும் போனார்கள்.

ஓடைக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம். நாலு குழாயைப் பதித்து மேலே கான்கிரீட் கொட்டியது. அக்கரையில் ஓர் ஊர். ஊருக்கு வேறு வழி கிடையாது.

பாலத்தின் மேல் செந்தண்ணீர் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

அக்கரையில் ஒரு வேன் நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு பெண்ணின் முனகல். வெளியே அவளுடைய மாமியார் டிரைவரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"போய்யா! பிள்ளைக்குப் பனிக்குடம் உடைஞ்சுட்டு!"

"இறக்கினா வண்டிய உருட்டிரும்மா! எல்லாரும் போயிருவோம்!"

தில்லைக்கரசி பாலத்தை நோக்கி ஓடினாள். முழங்கால் நனைந்ததுமே தண்ணீர் அவளைத் தள்ளியது. பின்வாங்கினாள்.

ஜெபராணி அவள் தோளைத் தொட்டு, பாலத்தைத் தாண்டித் தண்ணீர் விழும் பக்கத்தைக் காட்டினார்.

அங்கே கான்கிரீட் சுவர் இடுப்புயரத்துக்கு நின்றது. அதன் அடியில் மீன்கள். கெண்டைகள். புதுத்தண்ணீரின் வாடை பிடித்து மேலேறி வந்தவை. ஒவ்வொன்றாகத் துள்ளின. சுவரில் மோதின. விழுந்தன. மறுபடியும் துள்ளின.

ஒன்று கரையில் வந்து விழுந்தது. ஜெபராணி அதை எடுத்துத் தில்லைக்கரசியின் கையில் வைத்தார். வயிறு புடைத்திருந்தது.

"முட்டையோட இருக்கு. மேலே போய்த்தான் இடும்."

அக்கரையிலிருந்து அலறல் கேட்டது.

"இப்போ ஒண்ணை விடுங்க" என்றார் ஜெபராணி.

தில்லைக்கரசி மீனைத் தண்ணீரில் விட்டாள்.

வெள்ளம் வடிய மத்தியானம் ஆனது. அதற்குள் வேனிலேயே குழந்தை பிறந்துவிட்டது. முத்துப்பேச்சி என்ற அந்தப் பெண்ணும் பிழைத்தாள்.

அடுத்த வெள்ளத்தில் யார் பிழைப்பார்களோ.

அந்தப் பாலத்தை இடித்துக் கட்டுவதென்று ஒன்றிய அலுவலகம் முடிவு செய்து, கல்லூரியிடம் வரைபடம் கேட்டது. மாசி முடிவதற்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பழைய வரைபடமே. அதே நாலு குழாய்.

"நான் பண்றேன்" என்றாள் தில்லைக்கரசி.

பொறியியல் துறைத் தலைவர் சிரித்தார். "மீனுக்கெல்லாமா பாலம் கட்டுவாங்க?"

சுற்றுச்சூழல் துறைத் தலைவர் சிரிக்கவில்லை. "ஓடையில கான்கிரீட்டே கூடாதும்மா."

அவள் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஆய்வகத்துக்குப் போனாள். அங்கே தண்ணீர் ஓட்டிப் பார்க்க ஒரு நீண்ட கண்ணாடித் தொட்டி இருந்தது.

அவள் முதலில் செய்த மாதிரிப் பாலம் உயரமாக இருந்தது. கீழே தண்ணீர் போக மூன்று குறுகிய கண்கள். எந்த வெள்ளத்திலும் வேன் போகும்.

ஜெபராணி குழாயைத் திறந்தார். தில்லைக்கரசியின் சுண்டுவிரலைப் பிடித்து, ஒரு கண்ணின் வாயில் நீரோட்டத்துக்கு எதிராக வைத்தார்.

விரல் மடங்கியது.

எந்த மீனும் அதில் ஏறாது. அவள் மாதிரியைப் பிரித்தாள்.

அடுத்ததில் வேகத்தைக் குறைக்கக் கண்களுக்குள் சின்னச் சின்னத் தடுப்புகள் வைத்தாள். விரல் நின்றது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெபராணி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஒரு பிடி வேப்பிலையும் குச்சியும் ஒடித்துத் தொட்டியில் போட்டார். தடுப்புகள் அடைத்துக்கொண்டன. தண்ணீர் பாலத்துக்கு மேலே ஏறியது.

"மேடம், எதைக் கொண்டுவந்தாலும் ஒரு குத்தம்! இதுதான் சரின்னு நீங்களே வரைஞ்சு காட்டுங்களேன்!"

"எனக்குத் தெரியாது."

"என்ன?"

"தெரிஞ்சா உங்களை ஏன் நனைய விடறேன்?"

தில்லைக்கரசி அன்று வீட்டுக்குப் போனாள். ஒரு வாரம் கல்லூரிப் பக்கம் வரவில்லை. அவள் படிப்பை விட்டுவிட்டாள் என்று இரண்டு பிளாக்கிலும் பேசிக்கொண்டார்கள்.

அவள் ஓடையில் இருந்தாள். பாலம் இல்லாத இடங்களில் ஓடை எவ்வளவு அகலம், தண்ணீர் குறையும்போது எந்தப் பக்கம் ஒதுங்கி ஓடுகிறது என்று நடந்து நடந்து அளந்தாள்.

அதற்குப் பிறகு கொண்டுவந்த மாதிரி அகலமாக இருந்தது. கண்கள் இல்லை. இரண்டு கரையையும் ஒரே தாவலில் தாண்டியது. அடியில் ஓடை ஓடையாகவே கிடந்தது, அதே கல், அதே மணல்.

ஜெபராணி குழாய்ப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"நான் திறக்கேன், மேடம்."

அவளே திறந்தாள். அவளே விரலை வைத்தாள். குச்சியும் இலையும் போட்டாள். எல்லாம் நழுவிப் போயின. குழாயைப் பாதி மூடினாள். பிறகு தண்ணீர் நூலாக வரும்வரை மூடினாள். தண்ணீர் மணல் முழுக்கப் பரவி, ஈரமாகப் படிந்து, நின்றுபோனது.

ஜெபராணி இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

தில்லைக்கரசி மாதிரியைத் தூக்கினாள்.

"எங்கே போறீங்க?"

"பிரிக்கப் போறேன். தண்ணி குறைஞ்சா நடுவுல ஒரு குறுகலான வாய்க்கால் ஓடணும். இல்லேன்னா மேலே பொரிச்ச குஞ்சு இறங்க முடியாது."

"நாளைக்குக் கடைசி நாள்."

"இன்னைக்கு இன்னும் பொழுது இருக்கு, மேடம்."

ஜெபராணி இருக்கையிலிருந்து எழுந்து அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

வரைபடம் மறுநாள் போய்ச் சேர்ந்தது. செலவு கூடுதல் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் நேரில் போனாள். பழைய பாலத்தை எத்தனை தடவை பழுது பார்த்தார்கள் என்று கேட்டாள். திரும்பவும் அனுப்பினார்கள். திரும்பவும் போனாள். வராந்தாவில் காத்திருந்து, கேட்டதையே கேட்டாள். நான்காவது தடவை கையெழுத்துப் போட்டார்கள்.

பாலம் எழும்ப ஒரு வருஷம் ஆனது.

மலையில் புதுமழை விழுந்தது. இருவரும் போனார்கள். ஓடை கலங்கலாக, அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. பாலம் மேலே காய்ந்து கிடந்தது.

"மீன் ஏறுதா?" என்றார் ஜெபராணி.

"கலங்கல்ல ஒண்ணும் தெரியல, மேடம்."

தில்லைக்கரசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். கரையோரமாக, முழங்கால் தண்ணீரில், பாலத்துக்கு அடியில் போய் நின்றாள்.

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் காலைத் தொட்டது.

பிறகு கெண்டைக்காலில் வழவழவென்று ஏதோ உரசியது. மேல்நோக்கி. இன்னொன்று. அதன் பின்னால் ஒரு கூட்டமே. அதே நேரம் தலைக்கு மேலே கான்கிரீட் அதிர்ந்தது. ஒரு வேன் அக்கரையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" கரையிலிருந்து ஜெபராணி கத்தினார். "ஏதாவது தெரியுதா?"

தில்லைக்கரசி திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை உயர்த்தி, பேச வேண்டாம் என்று காட்டினாள்.