மூடுபனிக்குள் விழுந்த பந்து

"என்னை யாரும் பார்ப்பதே இல்லை, கேப்டன்" என்றார் குழந்தைவேலு.

மகுடபதி பேட் கைப்பிடிக்குப் புது ரப்பர் மாட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

குழந்தைவேலு நிறுத்தவில்லை. வகுப்பில் தன் வாயையே பார்த்துக்கொண்டு ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். இங்கே மத்தியானம் முழுக்க ஓர் ஓரத்தில் நிற்கிறேன், பந்தும் வருவதில்லை, டீ கூடக் கடைசியாகத்தான் வருகிறது என்றார். ஆட்டம் கற்றுக்கொள்ள வந்து, நிற்கத்தான் கற்றிருக்கிறேன் என்றார்.

மகுடபதி ரப்பரைக் கீழே வரைக்கும் இழுத்துவிட்டார். பிறகு கையை நீட்டி, மைதானத்தின் அந்த ஓரத்தையே காட்டினார்.

குழந்தைவேலு போய் நின்றார்.

அவருக்கு நாற்பத்து நான்கு வயது. பொள்ளாச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். நாற்பது வயது வரை பேட்டைத் தொட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி ஆட்டம் பார்த்தார்.

மகுடபதி பந்தை அடிப்பதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குழந்தைவேலு பார்த்தது, அவர் ஒரு பந்தை அடிக்காமல் விட்டதை.

பந்து ஸ்டம்பை உரசுவது போல வந்தது. மகுடபதி பேட்டை மேலே தூக்கிக்கொண்டு அது தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தார். தெருவில் தெரிந்தவர் ஒருவர் கடந்து போவதைப் பார்ப்பது போல. முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

மறுநாளே குழந்தைவேலு அவரைத் தேடிப் போனார். எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

மகுடபதி அவரைவிடப் பத்து வயது இளையவர். கால்நடை மருத்துவர். வாயில்லாத ஜீவன்களோடு பழகிப் பழகி அவருக்கும் பேச்சு குறைந்துவிட்டது என்று டீமில் சொல்வார்கள். அன்று மாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டே, சரி என்று மட்டும் சொன்னார்.

கற்றுக்கொடுத்தது என்றால், தேர்ட் மேன் இடத்தில் நிறுத்தியதுதான். பேட்ஸ்மேனுக்குப் பின்னால், எல்லைக்கோட்டை ஒட்டிய மூலை அது. தப்பாக அடித்த பந்துதான் அங்கே வரும்.

*

அந்த வருடத்தின் கடைசி லீக் ஆட்டம் மலை மேல் இருந்தது. வெண்பாறை எஸ்டேட் டீமின் மைதானத்தில்.

வேன் வளைவுகளில் ஏற ஏற, டீமில் பேச்சு குறைந்தது. மேலே போய் இறங்கினார்கள். தேயிலைச் சரிவை வெட்டிச் சமப்படுத்திய இடம் அது. மூன்று பக்கம் மலை. நான்காவது பக்கம் ஒன்றுமே இல்லை. எல்லைக்கோடு, அதற்கப்பால் கொஞ்சம் தேயிலைச் செடிகள், அப்புறம் பள்ளத்தாக்கு.

"பந்து அங்கே போச்சுன்னா?" என்று குழந்தைவேலு எஸ்டேட் ஆள் ஒருவரிடம் கேட்டார்.

"வேற பந்து எடுத்துக்குவோம்" என்றார் அவர்.

ஜெயித்தால் எஸ்டேட் டீம் முதல் தடவையாக மேல் பிரிவுக்கு ஏறும். ஜெயிக்காவிட்டால் பொள்ளாச்சி டீம் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும். ஆட்டம் பாதியில் நின்றாலோ, புள்ளிகளைப் பங்கு போட்டு இரண்டு டீமுமே ஏமாந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பொள்ளாச்சி டீம் முதலில் ஆடி, சுமாரான ரன் சேர்த்தது. எஸ்டேட் டீமில் ஜெபமணி என்று ஒருவர் இருந்தார். லாரி ஓட்டுபவர். தோள் அகலமானவர். மறுபக்கம் ஆட்கள் வந்து வந்து போய்க்கொண்டிருக்க, அவர் மட்டும் வேரோடியது போல் நின்று அடித்தார்.

கடைசி ஓவருக்கு முன்னால் எஸ்டேட்டுக்கு நான்கு ரன் தேவை. கையில் இருந்தது ஒரே விக்கெட்.

அப்போது பனி வந்தது.

பள்ளத்தாக்கிலிருந்து அது ஏறி வந்தது. முதலில் தேயிலைச் செடிகள் மறைந்தன. பிறகு சில்வர் ஓக் மரங்கள் அடியிலிருந்து மேலாக ஒவ்வொன்றாய்க் கரைந்தன. பிறகு எல்லைக்கோடு போயிற்று. பொள்ளாச்சிக்காரர்கள் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஆட்டத்தை மறந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

ஆடுகளமும், அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்லும், மலைப் பக்கம் ஜனங்கள் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகையும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெள்ளை.

நடுவர் இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டார். ஓரத்தில் நடப்பது தனக்குத் தெரியாது என்றார். நிறுத்திவிடலாமா என்று கேட்டார். இருவரும் வேண்டாம் என்றார்கள்.

"அப்படின்னா பந்து அங்கே போனா, அங்கே நிக்கறவர் வந்து சொல்றதுதான் முடிவு" என்றார் நடுவர். "அப்புறம் யாரும் கேள்வி கேக்கக் கூடாது."

சம்மதித்தார்கள்.

கடைசி ஓவர் போட வேண்டியவன் தமீம். டீமிலேயே வேகமானவன். குழந்தைவேலுவிடம் படித்தவன். அவன் மகுடபதியைத் தனியே அழைத்துப் போய்த் தணிந்த குரலில் பேசினான். ஜெபமணி பின்பக்கமாகத்தான் வெட்டி அடிக்கிறார், தேர்ட் மேனில் கால் வேகமான ஆள் யாரையாவது நிறுத்துங்கள், சார் வேண்டாம் என்றான்.

மகுடபதி கேட்டுக்கொண்டார். திரும்பி குழந்தைவேலுவைப் பார்த்தார். வெள்ளைக்குள் கையை நீட்டிக் காட்டினார்.

*

உள்ளே போகப் போகப் பின்னால் குரல்கள் மங்கின. காலடியில் கோடு தட்டுப்படும் வரை நடந்தார் குழந்தைவேலு. அங்கிருந்து சற்று முன்னால் வந்து, திரும்பி நின்றார்.

ஒருவரும் இல்லை.

ஆடுகளம் எந்தத் திசை என்பதே நிச்சயமாகத் தெரியவில்லை. கையை நீட்டினார். விரல் நுனி மங்கலாக இருந்தது. மரங்களிலிருந்து நீர் சொட்டியது. பள்ளத்துக்குள் எங்கோ ஒரு பறவை, மனிதர் சீட்டியடிப்பது போல, ராகத்தை இழுத்து இழுத்து விட்டது.

முதலில் பயமாக இருந்தது. பிறகு இல்லை.

தமீம் ஓடி வரும் சத்தம் கேட்டது. பந்து மட்டையில் பட்டது. யாரோ "நில்லு" என்றார்கள். ரன் இல்லை போலிருக்கிறது. மறுபடி ஓடி வரும் சத்தம். மறுபடி மட்டை. இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டத்தை அன்றுதான் கேட்டார். தமீமின் மூச்சுகூடக் கேட்பது போலிருந்தது.

அடுத்த பந்தில் வேறு மாதிரிச் சத்தம். மட்டையின் மேல் விளிம்பில் உரசிய சத்தம்.

"மேலே" என்று யாரோ கத்தினார்கள். "சார், மேலே."

பிறகு எல்லாம் அடங்கியது.

குழந்தைவேலு அண்ணாந்து பார்த்தார். வெள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வெள்ளை. கால் தானாகப் பின்னால் நகர்ந்தது. ஏன் பின்னால் என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. முகத்தில் நீர் வந்து படிந்தது. கண்ணை இமைக்கவில்லை.

உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றியது.

அது சிவப்பாயிற்று. தையல் தெரிந்தது. பந்து தன்னைத் தானே மெல்லச் சுற்றிக்கொண்டு, ஓசையில்லாமல், அதுவரை உலகத்தில் இல்லாத ஒன்று அந்த நொடியில் உண்டாகி இறங்குவது போல இறங்கி வந்தது.

கைகள் எழுந்தன. அவர் எழுப்பவில்லை.

பந்து கைக்குள் வந்து அமர்ந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பறவை சீட்டியடித்துக்கொண்டே இருந்தது. நெஞ்சு நிறைந்து, மூச்சு விடுவதற்கு இடம் இல்லாதது போலிருந்தது.

பிறகு கீழே பார்த்தார்.

இடது குதிகால் சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தது. முழுக்கால் அல்ல, பாதிக் குதிகால். ஈரத்தில் கோடு கலைந்து, காலணியின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கோட்டில் கால் பட்டால் அது கேட்ச் இல்லை. சிக்ஸர்.

"சார், என்னாச்சு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

காலை ஒரு சாண் முன்னால் எடுத்து வைத்து, காலணியைப் புல்லில் தேய்த்துவிட்டால் போதும். அந்த நினைப்பு அவருக்கு வந்தது. வந்த வழியே போயிற்று.

பந்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நடந்தார்.

*

வெள்ளையிலிருந்து அவர் வெளியே வந்தபோது, முதலில் பார்த்தவன் தமீம். கையில் பந்தைப் பார்த்ததும் ஓடி வந்து அவரைக் கட்டிக்கொண்டான். மற்றவர்களும் ஓடி வந்தார்கள். ஜெபமணி ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றி, பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தகரக் கொட்டகையை நோக்கி நடக்கத் தொடங்கினார். கொட்டகைக்குள் இருந்த எஸ்டேட் ஜனங்கள் கிளம்ப எழுந்துவிட்டார்கள்.

குழந்தைவேலு தமீமின் கையை விலக்கினார். நடுவரிடம் போனார்.

"பிடிச்சேன்" என்றார். "ஆனா கால் கோட்டு மேல இருந்துச்சு."

நடுவர் அவர் முகத்தையே பார்த்தார். திரும்பச் சொல்லச் சொன்னார். குழந்தைவேலு திரும்பச் சொன்னார்.

நடுவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

ஜெபமணியை யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பி, நடுவரின் கைகளைப் பார்த்தார். என்ன நடந்தது என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. கொட்டகையிலும் கைதட்டல் எழவில்லை. ஜெயித்தவர்கள், ஏதோ கோயிலுக்குள் நிற்பவர்கள் போல, அப்படியே நின்றார்கள்.

ஜெபமணி வந்தார். குழந்தைவேலுவின் கைகளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளைத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டு போனார்.

பொள்ளாச்சி டீமில் யாரும் குழந்தைவேலுவின் பக்கம் வரவில்லை. பையைக் கட்டுவதில் இறங்கினார்கள். அடுத்த வருடம் கீழ்ப் பிரிவில், யாரும் பார்க்க வராத மைதானங்களில் ஆட வேண்டும். தமீம் மட்டும் அவர் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது. அந்த விக்கெட் அவனுடையது.

"யாரு சார் பாத்தாங்க?" என்றான்.

குழந்தைவேலு தன் இடது குதிகாலைப் பார்த்தார்.

தமீம் திரும்பி, விடுவிடுவென்று பனிக்குள் போனான். கோட்டைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தார்கள். வெகுநேரம் வரவில்லை. வேன்காரர் ஹார்ன் அடித்தார். அப்போதும் வரவில்லை. தேடிப் போகலாமா என்று ஒருவர் எழுந்தபோது, மகுடபதி வேண்டாம் என்று கையசைத்தார்.

தமீம் வந்தபோது மெதுவாக நடந்து வந்தான். தலைமுடியெல்லாம் நீர்த்துளி. குழந்தைவேலுவின் பக்கத்தில், புல்லில் உட்கார்ந்தான்.

"சார்" என்றான். "அங்கிருந்து பாத்தா நாங்க யாருமே இல்ல."



மகுடபதி எழுந்து வந்தார். இருவருக்கும் எதிரே குந்தி உட்கார்ந்தார். கோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. காலைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் முகம், தான் போகாத ஊருக்குப் போய் வந்தவரிடம் சேதி கேட்பவர் முகம் போல இருந்தது.

"பந்து வந்தப்போ எப்படி இருந்துச்சுங்க சார்?"

குழந்தைவேலு வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சொல் வரவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கினார், விரல்கள் விரிந்தபடி. அவை அப்படியே நின்றன. கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

மகுடபதி அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தலையிலிருந்த தொப்பியை எடுத்தார்.

"ஆமாங்க" என்றார்.