மெழுகு மூடி திறந்தவள்

ஒரு காட்டில், வேங்கை மரப் பொந்துக்குள் தேன்கூடு ஒன்று இருந்தது. அதன் வாசலில் காவல் நின்றவள் வீராயி. கொடுக்கு கூர்மை, கோபம் அதைவிடக் கூர்மை. யோசனைதான் மழுங்கல்.

அவளுடைய உயிர்த்தோழி தேனம்மை. தேன் அறைகளின் மெழுகு மூடியைக் கடித்துத் திறந்து எல்லோருக்கும் பசியாற்றுவது தேனம்மை கூட்டத்தின் வேலை. அந்த வித்தை வேறு எவளுக்கும் தெரியாது.

காவல்காரிகளுக்கு நடுவே சாந்தாயி என்றொருத்தி உண்டு. எவளாவது கொடுக்கைத் தூக்கினால், "பொறுடி, அது நம்ம வீட்டுப் பிள்ளை" என்று முதுகில் தட்டி அடக்குவாள்.

ஒருநாள் பெரிய அந்துப்பூச்சி ஒன்று உள்ளே புகுந்து தேனைக் குடித்தது. காவல்காரிகள் அதைக் கொன்று வெளியே தள்ளினார்கள். அதோடு விட்டிருக்கலாம். விட்டார்களா?

"இனி எவள் வாயில் தேன் மணக்கிறதோ, அவள் திருடி!" என்று கத்தினாள் வீராயி.

"அடியே, மூடி திறக்கிறவள் வாயில் தேன் மணக்காமல் வேப்பெண்ணெயா மணக்கும்?" என்றாள் சாந்தாயி.

"நீ திருடனுக்கும் பாய் விரிப்பாய். போ வெளியே!"

சாந்தாயியைத் துரத்தினார்கள். தடுக்க ஆளில்லாமல் கொடுக்குகள் கூட்டுக்குள்ளேயே, தேன் மணத்த மூடி திறப்பவர்கள் மேல் பாய்ந்தன. வீராயியும் கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள்.

"நான்தாண்டி, வீராயி..." என்றது கீழே விழுந்த குரல்.

தேனம்மை!

மறுநாள் கூடு நிறையத் தேன் இருந்தது. ஆனால் திறக்க ஆளில்லை. குஞ்சுகள் பசியில் சுருண்டன. வீராயி மூடியைக் கடித்துக் கடித்துத் தோற்றாள். சாப்பாட்டு வேளை வந்தால், மெழுகு கடிபடும் 'கறுக்' ஓசைக்காக அவள் காது ஏங்கும். திரும்பிப் பார்ப்பாள். காய்ந்த இலை உரசியிருக்கும்.

கடைசியில் சாந்தாயியைத் தேடிப் பறந்தாள். "அக்கா, என்னைத் திட்டு. ஆனால் வந்துவிடு."

சாந்தாயி வந்தாள். அடையின் பின்னால் ஒளிந்திருந்த ஒரே ஒரு மூடி திறப்பவளைக் கண்டுபிடித்தாள். மணம் பட்டதும் கொடுக்குகள் மறுபடி எழுந்தன. சாந்தாயி குறுக்கே நின்றாள். எல்லாம் தணிந்தன.

"ஒருத்தி வாய் இத்தனை பேருக்குப் போதுமா அக்கா?"

"போதாது. மருத மரத்துக் கூட்டில் போய் ஆள் கேள். வருகிறவள் பொழுது சாய்ந்தால் தன் கூட்டுக்குத் திரும்பிவிடுவாள்; அதனால் தினமும் கேட்கவேண்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"உயிரோடு இருக்கிறவரைக்கும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு விடியலிலும், கொடுக்கை மடக்கிக்கொண்டு அடுத்த கூட்டு வாசலில் நின்றாள் வீராயி. அவர்களும் இரங்கி ஒருத்தியை அனுப்புவார்கள். வருகிறவளின் முகத்தையே இவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வாய் தவறி, "தேனம்மை?" என்றாள்.

"இல்லை அக்கா, நான் வேறு."

"தெரியும்டி" என்றாள் வீராயி. "சீக்கிரம் வா, பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன."

நீதி: அடிக்கத் தெரிந்த காவலுக்கு அடக்கவும் ஒருவர் வேண்டும்; இல்லையேல், பகைவன் விட்டுவைத்ததை நம் கையே அழித்துவிடும்.