லேசுப்பட்டவர் மட்டும்

வெள்ளைக்காலி என்ற காட்டெருமை பாலத்துக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய கன்று மந்தையோடு அக்கரைக்குப் போய்விட்டது. அவள்தான் கடைசி. முன்னங்காலை எடுத்து வைத்தாள். கரை மண் பொலபொலவென்று சரிந்தது!

பாலம் என்றால் வேறொன்றுமில்லை. காட்டாற்றின் குறுக்கே விழுந்து கிடந்த பெரிய மருதமரம். மழையில் கரை அரித்து, மரத்தின் அடிப்பக்கம் இப்போது அந்தரத்தில் தொங்கியது. கீழே வெள்ளம் பாறையில் அறைந்து ஓடியது.

"நில்லுங்க, நில்லுங்க!" என்று ஓடி வந்தார் நீர்நாய் மேஸ்திரி. வந்த வேகத்தில் மரப்பட்டையில் நகத்தால் கீறிவிட்டார்: 'பழுது வேலை நடக்கிறது. லேசுப்பட்டவர் மட்டும் போகலாம்.'

"என் கன்னு அந்தப் பக்கம் நிக்குது மேஸ்திரி! பால் மறக்காத கன்னு!"

"தெரியுது தாயீ. முயல் போகலாம், மான் போகலாம். உங்க எடையை இது தாங்காதே!"

"சுத்து வழி?"

"மலையைச் சுத்தினா பத்து நாள். இங்கேயே காத்திருந்தாலும் பத்து நாள். கல்லு அடுக்கணும், மண்ணு போட்டு இறுக்கணும். நாங்க நாலே பேரு."

அக்கரையில் கன்று கத்தியது. அது பத்து நாள் தாங்காது என்று தாய்க்குத் தெரியும். கத்திப் பிரயோசனமில்லை, கோபப்பட்டும் பிரயோசனமில்லை.

"கல்லு எங்கே இருக்கு?" என்றாள்.

நெற்றியால் பாறைகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நீர்நாய்கள் இடுக்குகளில் மண்ணைத் திணித்தன. அவள் ஏறி மிதித்தாள். நாலு நீர்நாய்கள் அரை நாள் குதித்து இறுக்குகிற மண், அவள் நாலு மிதியில் இறுகிவிட்டது.

"உங்க கனம்தான் தாயீ இந்த வேலைக்கு மருந்து! இப்படியே போனா மூணு நாள்ல முடிச்சிடலாம்!"

இரண்டாம் நாள் மாலை நரியார் வந்தார். ஈர்க்குச்சி மாதிரி உடம்பு.

"நீங்க தாராளமா போகலாம் நரியாரே!" என்றார் மேஸ்திரி.

நரியார் அறிவிப்பைப் படித்தார். முகம் சுண்டிவிட்டது.

"யாரைப் பாத்து லேசுப்பட்டவன்கிறே? காட்டுல என் பேச்சுக்கு ஒரு கனம் உண்டு தெரியுமா? நான் கனமான ஆளு! கனமானவங்க வரிசையிலதான் நிப்பேன்!"

"நில்லுங்க. வரிசை அந்தப் பக்கம்."

வரிசையில் கரடி நின்றிருந்தார். இரண்டு நாளாக நின்று நின்று கடுப்பில் இருந்தார். நரியார் அவர் காதோரம் போனார்.

"நம்மள மாதிரி கனமானவங்களை ஒரு மீன்திருடன் நிறுத்துறதா? நீ ஏறு அண்ணே! நான் உன் தோள்ல உக்காந்து வழி சொல்றேன்!"

"வேண்டாம் அண்ணே, மண்ணு இன்னும் இறுகல!" என்று வெள்ளைக்காலி கத்தினாள். கரடி கேட்கவில்லை; நரியாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மரத்தில் கால் வைத்தார்.

மரம் ஒருமுறை முனகியது. அடுக்கிய கல்லெல்லாம் கடகடவென்று உருண்டது. நரியார் ஆற்றில் விழுந்தார். கரடி மரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார். வெள்ளைக்காலி கொம்பை நீட்டி அவரை இழுத்துப் போட்டாள். மேஸ்திரி நரியாரை வாலைப் பிடித்துக் கரையேற்றினார்.

இரண்டு நாள் வேலை தண்ணீரோடு போயிற்று. அக்கரையில் கன்றின் குரல் கம்மிப்போயிருந்தது. வெள்ளைக்காலி ஒரு கணம் ஆற்றையே பார்த்தாள். பிறகு பாறைப் பக்கம் திரும்பினாள்.

"முதல்லேர்ந்து வைப்போம், வாங்க."

கரடி தலையைக் குனிந்துகொண்டு ஒரு கல்லைத் தூக்கினார். "நானும் வரேன் தங்கச்சி."

மறுநாளைக்கு மறுநாளே வேலை முடிந்தது.

"யாரு முதல்ல ஏறிப் பாக்கிறது?" என்று மேஸ்திரி தயங்கினார்.

"நான் மிதிச்ச மண்ணு. நானே ஏறுறேன்."

ஏறினாள். மரம் அசையவில்லை. அக்கரையில் அவள் கால் பட்டதுதான் தாமதம், கன்று ஓடி வந்து மடியை முட்டியது.

இக்கரையில் வாலை உதறிக்கொண்டு நரியார் கேட்டார்: "மேஸ்திரி, இப்போ நான் போகலாமா?"

"எல்லாரும் போகலாம். நீங்க மட்டும் தலையில இருக்கிறதை இறக்கி வச்சிட்டுப் போங்க!"

நரியார் தலையைத் தடவிப் பார்த்தார். "தலையில ஒண்ணும் இல்லையே!"

"அதைத்தான் நாங்களும் சொல்றோம்!" என்றார் கரடி.

உடம்பின் கனம் பாலம் கட்ட உதவும். தலைக்கனமோ கட்டிய பாலத்தையும் சரித்துவிடும்.